ஓலைக்கொட்டானில் பூஞ்சை, வழி சொல்லுங்கள்

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கமிருந்து எழுதுகிறேன். வாடைக்காற்றில் வடகடல் சரியில்லை, கையில் காசும் குறைவு. அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சொந்தபந்தம் எல்லோருக்கும் பனையோலையில் சின்னக் கொட்டான் முடைந்து, உள்ளே கருப்பட்டி எள்ளுருண்டை வைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மொத்தச் செலவு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முடைவது அத்தை, நான் வெறும் எடுபிடி.

சிக்கல் ஈரம்தான். டிசம்பர் மழையில் குருத்தோலை காய்வதே இல்லை. முடைந்த கொட்டானிலும் பூஞ்சை பூக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் போதுமா, இல்லை ஓலையை முதலில் அவித்துக்கொள்ள வேண்டுமா? சாயம் போட்டால் உருண்டையில் ஒட்டுமோ என்ற பயம் வேறு.

சிப்பி, சங்கு யோசனை மட்டும் வேண்டாம். சில சங்குகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. தவிர, கடற்கரைக்காரர்கள் அதைப் பரிசாகவே மதிக்க மாட்டார்கள்!

அப்புறம், எள்ளுருண்டையை எத்தனை நாள் முன்னால் பிடித்து வைக்கலாம்? அனுபவப்பட்ட அக்காமார் யாராவது சொல்லுங்கள்.