கைப்பேசியின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார்: தயாரிப்பவரா, வாங்குபவரா?

கேட்டவர்: கட்டைவிரல்

நான்கரை ஆண்டுகளாக ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தி வருகிறேன். அது உள்ளங்கையில் அடங்கும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுவிடலாம். சென்ற மாதம் அதன் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. தூசு என்று எண்ணித் துடைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் என் நகம் நுழைந்தது. உள்ளே பேட்டரி உப்பித் திரையை மேலே தள்ளுகிறது என்று பழுதுபார்ப்பவர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில், இந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சரி, வாங்கலாம் என்று தேடினால், கண்ணில் படுவதெல்லாம் ஆறரை அங்குலத்துக்குக் குறையாத திரைகள். என் கட்டைவிரல் பாதித் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. ஹெட்போன் ஜாக் இல்லை, மெமரி கார்டு செருக இடமில்லை, பின்மூடியைக் கழற்ற வழியில்லை. ஏன் என்று கேட்டால், வாடிக்கையாளர்கள் விரும்புவது இதைத்தான் என்று எல்லா நிறுவனங்களும் ஒரே பதிலைச் சொல்கின்றன. நானும் வாடிக்கையாளன்தான், என்னை யாரும் கேட்கவில்லை. நாள் முழுவதும் நம் கையிலேயே இருக்கும் ஒரு பொருள் எப்படி அமைய வேண்டும் என்பதில் அதைப் பயன்படுத்துபவனுக்குச் சொல்லுரிமை உண்டா, இல்லையா? இத்துறையில் இருப்பவர்கள் தங்கள் கருத்தை விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: வரைபலகை

மின்னணுப் பொருட்களின் உட்கட்டமைப்பை வடிவமைக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் வாடிக்கையாளரைக் கேட்டு வடிவமைத்தால் உங்களுக்கு வேண்டிய கைப்பேசி கிடைத்துவிடும் என்ற எண்ணம் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் சீனக் கைப்பேசி நிறுவனமான இசட்டிஇ, எப்படிப்பட்ட கைப்பேசி வேண்டும் என்று பொதுமக்களிடமே யோசனை கேட்டு, வாக்கெடுப்பும் நடத்தியது. கண் அசைவால் இயங்குவதும், பரப்பில் தானே ஒட்டிக்கொள்வதுமான ஒரு கைப்பேசி வென்றது. 'ஹாக்ஐ' என்ற பெயரில் அதைத் தயாரிப்பதற்காக, பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 5 லட்சம் டாலர் திரட்ட முயன்றபோது, அந்த இலக்கில் பத்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. 2017 பிப்ரவரியில் முயற்சியைக் கைவிட்டுவிட்டார்கள். யோசனைக்கு வாக்களிப்பதற்குச் செலவு கிடையாது. பணத்தை எடுத்து வைக்கும் வேளையில்தான் மனிதர் தம் உண்மையான தேவையை எடைபோடுகிறார்.

நீங்கள் தேடும் சிறிய கைப்பேசியின் கதையும் இதுதான். ஆப்பிள் 2020-ல் 5.4 அங்குலத் திரையோடு ஐபோன் 12 மினியையும், அடுத்த ஆண்டு 13 மினியையும் கொண்டுவந்தது. சிறியது வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதியவர்கள் ஏராளம், வாங்கியவர்கள் அவ்வளவு பேர் இல்லை. 2022-ல் புதிய மினி வரவில்லை, அதன் இடத்தைப் பெரிய திரை கொண்ட பிளஸ் பிடித்துக்கொண்டது. இதற்கு நேர்மாறாக, 2011-ல் சாம்சங் 5.3 அங்குலத் திரையுடன் கேலக்ஸி நோட்டை வெளியிட்டபோது, இவ்வளவு பெரிய பலகையைக் காதில் வைத்து யார் பேசுவார்கள் என்று கேட்ட விமர்சகர்கள் பலர். மக்கள் வாங்கினார்கள். முன்கூட்டியே ஓர் ஆய்வு நடத்தியிருந்தால் அந்தக் கைப்பேசி பிறந்தே இருக்காது என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் இடம் மிகக் குறைவு என்பதை வெளியில் இருப்பவர்கள் உணர்வது கடினம். ஹெட்போன் ஜாக்கின் துளை 3.5 மில்லிமீட்டர்தான், ஆனால் அதன் கூடு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உள்ளே போகிறது. அந்த இடத்துக்குப் பேட்டரி, அதிர்வு மோட்டார், ஒலிபெருக்கி எல்லாம் போட்டியிடுகின்றன. கழற்றி மாட்டும் பேட்டரி என்றால், மக்கள் அதைக் கையில் எடுப்பார்கள், பையில் போடுவார்கள் என்பதால் அதற்குக் கெட்டியான உறை வேண்டும். உள்ளேயே மூடி வைப்பதற்கு மெல்லிய படல உறை போதும். உறைக்குப் போகும் தடிமன் அவ்வளவும் மின்சாரம் சேமிக்கும் கொள்ளளவில் குறைகிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் இந்தக் கணக்கை, முழுப் படத்தையும் பார்ப்பவரிடம் விட்டுவிடுவதுதான் முறை.

பதில் 2: திருப்புளி

பதினாறு ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுபார்க்கிறேன். வரைபலகை அவர்கள் மேசையின் ஒரு பக்கத்தைச் சொன்னார், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவரின் கைப்பேசி போன்ற ஒன்று என்னிடம் வந்தால் நடப்பது இது. விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்க வேண்டும். சூடு குறைந்தால் பசை விடாது, கூடினால் திரையில் கறை விழும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டுச் சுற்றி வர வேண்டும், ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நுழைந்தால் திரையை இணைக்கும் பட்டையான மெல்லிய ரிப்பன் கேபிள் அறுந்துவிடும். பேட்டரிக்கு அடியில் இருக்கும் ஒட்டுப்பட்டையை மெதுவாக இழுத்தால் ரப்பர் போல நீண்டு வர வேண்டும். பழைய கைப்பேசியில் அது பாதியிலேயே அறுந்துவிடும். பிறகு ஆல்கஹால் சொட்டு விட்டு, உப்பிய பேட்டரியை நெம்பாமல், குத்தாமல் வெளியே எடுக்க வேண்டும். அந்தப் படலம் கிழிந்தால் தீப்பிடிக்கும் என்பது தெரிந்தே கையை வைக்கிறோம். முன்பெல்லாம் நகத்தால் பின்மூடியைத் திறந்து பத்து நொடியில் முடித்த வேலை இது.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்பார்கள். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 கழற்றும் பேட்டரியோடு, ஐபி67 என்ற நீர்த்தடுப்புத் தரத்தோடு வந்தது. 2022-ல் அதே நிறுவனத்திலிருந்து வந்த எக்ஸ்கவர்6 புரோவில் கழற்றும் பேட்டரியும் உண்டு, ஹெட்போன் ஜாக்கும் உண்டு, ஐபி68 தரமும் உண்டு. அது சற்றுத் தடிமன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடியாது என்பது வேறு, மெலிதாக இருக்காது என்பது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

விற்பனையை வாக்கு என்று எடுத்துக்கொள்வதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஒருவர் கேமராவுக்காக ஒரு கைப்பேசி வாங்குகிறார். ஜாக் இல்லாததும், கார்டு இல்லாததும், ஒட்டிய பேட்டரியும் அதோடு சேர்ந்தே வருகின்றன. நிறுவனத்தின் கணக்கில் அவர் இவை அனைத்துக்கும் சம்மதித்தவராகப் பதிவாகிறார். 2015-ல் கேலக்ஸி எஸ்6 வந்தபோது கார்டு இடமும் நீர்த்தடுப்பும் கழற்றும் பேட்டரியும் ஒன்றாக நீக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது, மறு ஆண்டு எஸ்7-ல் முதலிரண்டும் திரும்பின, பேட்டரி திரும்பவில்லை. சோனி 2018-ல் தன் உயர்ரக மாடலில் எடுத்துவிட்ட ஜாக்கை 2020-ல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2-ல் மீண்டும் வைத்தது. ஆகவே திரும்பக் கொண்டுவர முடியாதது எதுவுமில்லை. எது திரும்பும், எது திரும்பாது என்பதை முடிவு செய்யும் அறையில் நாம் இல்லை, அவ்வளவுதான்.

திரையின் அளவு, வளைவு, நிறம் எல்லாம் அவர்கள் விருப்பம். கடையில் கையில் எடுத்துப் பார்த்தே பிடிக்குமா என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்ற முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா, வேறொரு திரையை மாட்டினால் மென்பொருள் அதை ஏற்குமா என்பதெல்லாம் வாங்கும் அன்று கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரியாததை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பகுதியில் முடிவு, பணம் கொடுத்து வாங்கியவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பதில் 3: ஐந்தாம் பொத்தான்

நான் பார்வையற்றவன். இருவரும் 'வாடிக்கையாளர்' என்பதை ஒரே ஆளாக எண்ணி எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய பொத்தான் கைப்பேசியில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். விரல் அதைத் தொட்டதும் மற்ற ஒன்பது எண்களும் எங்கே என்று தெரிந்துவிடும், பார்வையுள்ளவர்கள் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். வழுவழுப்பான கண்ணாடித் திரை வந்தபோது எங்கள் விரலுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. உலகம் முழுவதும் அதைக் கொண்டாடியது. அன்று வாடிக்கையாளர்களிடையே வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் நாங்கள் தோற்றிருப்போம். 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான் வந்தது. விரல் படும் இடத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். அதே ஆண்டு ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் வந்தது. எந்தப் பெரும்பான்மையும் கேட்டு வந்தவை அல்ல இவை. மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலம் வற்புறுத்தியதும், நிறுவனங்களுக்குள் அக்கறையுள்ள சிலர் இருந்ததும், சில நாடுகளில் சட்டங்கள் இருந்ததும் சேர்ந்துதான் இது நடந்தது.

2017-ல் ஐபோன் எக்ஸ் வந்தபோது, விரலுக்கு அடையாளமாக இருந்த முகப்புப் பொத்தானும் போனது. பழகிக்கொண்டேன். ஆனாலும் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்பதை ஒரு கணம் தடவிப் பார்க்காமல் இன்றும் என்னால் தொடங்க முடிவதில்லை. ஆகவே தயாரிப்பவரா, வாங்குபவரா என்று கேட்பதோடு, வாங்குபவர்களில் யார் என்றும் கேளுங்கள்.

பதில் 4: வரைபலகை

திருப்புளி அவர்கள் சொன்ன ஒன்றை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாங்கும் அன்று தெரியாத குணங்களைச் சந்தை சரியாக எடைபோடாது. கண்ணுக்குத் தெரியும் மெலிவுக்காக, கண்ணுக்குத் தெரியாத பழுதுநீக்க வசதியை விட்டுக்கொடுக்கும்படி எங்கள் துறையில் அழுத்தம் வருவது உண்மை. அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், வாதாடாமல் இருந்த நாட்களும் உண்டு.

ஆனால் அந்த இடத்தைச் சட்டம் நிரப்பும்போது அது எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஐந்தாண்டுகளுக்காவது மென்பொருள் மேம்படுத்தல் தர வேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். பேட்டரியைச் சாதாரணக் கருவிகளால் பயன்படுத்துபவரே மாற்ற முடிய வேண்டும். அப்படி முடியாவிட்டால், 1000 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் மிஞ்சுவதாகவும், கைப்பேசி தண்ணீரைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியைத் திறந்து வைத்ததைத்தான் நான் மெச்சுகிறேன். விளைவு என்ன என்பதைச் சட்டம் சொல்கிறது, அதை எட்டும் வழியை வடிவமைப்பவரிடம் விடுகிறது.

சார்ஜர் விஷயத்தில் அதே ஒன்றியம் செருகியின் வடிவத்தையே சொல்லிவிட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் புதிய கைப்பேசிகளில் யுஎஸ்பி சி இருக்க வேண்டும். ஐபோனும் 2023-லேயே அதற்கு மாறியது. ஒரே கம்பியால் எல்லாவற்றையும் சார்ஜ் செய்வது எனக்கும் வசதிதான். ஆனால் 2009-ல் பல நிறுவனங்கள் அங்கே விருப்பத்தின் பேரில் ஒப்புக்கொண்டது மைக்ரோ யுஎஸ்பியை. அது அன்றே சட்டமாகியிருந்தால், 2014-ல் யுஎஸ்பி சி வந்தபோது பழைய செருகியைக் கைவிட எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பதில் 5: திருப்புளி

அந்த அச்சம் நியாயம்தான், சட்டத்தைத் திருத்தும் வழியும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். மைக்ரோ யுஎஸ்பியை எப்படிச் செருகினாலும் முதல் முறை தவறும். வளைந்த முனையோடும் ஆட்டம் கண்ட போர்ட்டோடும் என்னிடம் வந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. அந்தக் குறையை முதலில் அறிந்தவர்கள் பழுதுபார்ப்பவர்கள், ஆனால் எந்த நிறுவனமும் எங்களிடம் கேட்டதில்லை. அடுத்த கைப்பேசியை வரைவதற்கு முன் கருத்துக்கணிப்பு நடத்துவதைவிட, ஆறு மாதம் பழுதுநீக்கும் மேசையில் ஒருவரை உட்கார வைத்தால் வாடிக்கையாளர் சொல்லத் தெரியாமல் விட்டதெல்லாம் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவருக்கு: பேட்டரி உப்பியிருக்கும் நிலையில் அதைச் சார்ஜில் போட வேண்டாம். அணைத்து, தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். திரையை அமுக்கி மூட முயல வேண்டாம்.

கேட்டவர்: கட்டைவிரல்

அனைவருக்கும் நன்றி. கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டேன். அந்த மாடலுக்குப் பொருந்தும் பேட்டரி வேறொரு பழுதுபார்ப்பவரிடம் இருப்பதாகத் தெரிந்தது, இந்த வாரம் மாற்றப் போகிறேன்.

சிறிய திரை வேண்டும் என்ற என் விருப்பத்தை எந்த நிறுவனத்தின் மீதும் திணிக்க முடியாது என்பது வரைபலகை அவர்கள் எழுதியதைப் படித்ததும் விளங்கியது. மினி விற்பனையில் இருந்தபோது அதை வாங்காமல், இருப்பதே போதும் என்று இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நன்றாக உழைக்கும் கைப்பேசியை, ஒரு பேட்டரி கிடைக்காததால் தூக்கிப் போடு என்று சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்தாம் பொத்தான் அவர்களின் பதிலைப் படித்த பிறகு, என் பழைய பொத்தான் கைப்பேசியை அலமாரியிலிருந்து எடுத்துக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். அந்த மேடு அங்கேயே இருக்கிறது. ஏழு ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன், ஒரு நாளும் அதை அறிந்ததில்லை.