ஸ்காபுரோவில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு: பக்கத்துக் கரிபியன் கடைக்குத் தயங்காமல் செல்லுங்கள்

ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள், தமிழ்க் கடைகளை விட்டால் வெளியில் எங்கே சோறு கிடைக்கும் என்று என்னிடம் கேட்பதுண்டு. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுரோவின் கடைத்தொகுதிகளில் நம்முடைய பலசரக்குக் கடைகளுக்கு அருகிலேயே இருக்கும் ஜமேக்கா, கயானா, நைஜீரியா நாட்டவரின் சிறிய உணவகங்களைத்தான் நான் காட்டுவேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் நம்மவர்களைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

ஜமேக்காக்காரர் 'றைஸ் அன்ட் பீஸ்' என்று சொல்வதில் பச்சைப் பட்டாணி இராது. அது பெரும்பாலும் ராஜ்மா, தேங்காய்ப்பால், தைம் இலை ஆகியவற்றோடு மிகக் காரமான ஸ்கொட்ச் பொனற் மிளகாய் ஒன்றையும் முழுதாகப் போட்டு வேகவைத்த சோறு. அதனுடன் வரும் ஆட்டுக்கறியின் மணம் உங்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் இருக்கிறது: 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமேக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், கறித்தூளும் அவர்களோடு சென்றது. 1853 முதல் தமிழர்கள் பலர் சென்றிறங்கிய மார்த்தினிக் என்ற கரிபியன் தீவில், கறிக்கு இடும் தூளுக்கு இன்றும் நம் 'குழம்பை' நினைவூட்டும் 'கொலம்போ' என்றே பெயர்.

கடன் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. நம் வீட்டுக் கௌபியும் குரக்கனும் ஆபிரிக்காவில் முதலில் பயிராக்கப்பட்டவை. நைஜீரியர் கடையில் 'அக்காரா' இருந்தால் வாங்கிப் பாருங்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய கௌபியை அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த அதை வடை என்று சொல்லத்தான் நாக்கு முந்தும். அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு கடல் கடந்த அதே பண்டம், பிரேசிலின் பாஹியாவில் 'அக்கரஜே' என்ற பெயரில் செம்பனை எண்ணெயில் பொரிக்கப்பட்டுத் தெருவில் விற்கப்படுகிறது.

சில எச்சரிக்கைகள் அவசியம். மேற்கு ஆபிரிக்கக் குழம்புகளில் இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டாலும் காய்ந்த இறால் தூள் இருக்கக்கூடும். ஆகவே சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லாமல் மீனையும் இறாலையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஜமேக்காவின் ராஸ்தாஃபாரி சமயத்தார் உண்ணும் 'ஐட்டல்' என்ற இயற்கை உணவும், எத்தியோப்பியர் புதன், வெள்ளி விரத நாட்களுக்குச் சமைக்கும் பருப்பும் காய்கறியும் அடங்கிய தட்டும் சைவர்களுக்குப் பெரும்பாலும் பொருத்தமானவை. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள், சோற்றின் மேல் எந்தக் குழம்பு ஊற்றப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுவால் குழம்பை ஊற்றச் சொல்லி வாங்குவது அங்கே பலருக்கும் வழக்கம். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு, சுட்ட இறைச்சியில் தூவும் 'சூயா' தூள் ஆகாது. பலகையில் காணும் விலையுடன் பெரும்பாலும் 13 சதவீத வரி சேரும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்லுங்கள், பிறகு உணவைக் கேளுங்கள். கரிபியன் மக்கள் இதை மரியாதையாகக் கருதுவார்கள், அகப்பை நிறைய அள்ளியும் போடுவார்கள். சனிக்கிழமைகளில் பல ஜமேக்கக் கடைகளில் கிழங்கு, சௌசௌ, மாவுருண்டை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த சூப் இருக்கும். அது சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் நண்பகலுக்கு முன்பே போய்விடுங்கள்.