தக்சிம், சராச்ஹானே, கிசிலாய்: துருக்கித் தெருக்களில் போலீசும் கூட்டமும் மோதும் விதம்

இஸ்தான்புல்வாசி

துருக்கியில் ஊர்வலம் எந்த இடத்தில் மோதலாக மாறும் என்பதைப் பெரும்பாலும் அன்று காலையிலேயே சொல்லிவிடலாம். ஆளுநர் அலுவலகத்தின் தடை உத்தரவு எத்தனை நாளுக்கு, எந்த மெட்ரோ நிலையங்கள் மூடல், எந்தச் சாலையில் இரும்புத் தடுப்பு வந்து இறங்கியிருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

அரசியலமைப்பின் 34வது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூட முன் அனுமதி தேவையில்லை என்கிறது. ஆனால் 1983இல் வந்த 2911ஆம் எண் சட்டப்படி, குறைந்தது 7 பேர் கொண்ட குழு 48 மணி நேரம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு கைதைக் கேள்விப்பட்டு ஒரு மணி நேரத்தில் தெருவுக்கு வருகிறவர்கள் இதை எப்படிச் செய்ய முடியும்? ஆகவே திடீரென எழும் எந்தப் போராட்டமும் ‘சட்டவிரோதம்’ என்ற முத்திரையோடுதான் பிறக்கிறது. மேலே ஆளுநரின் தடையும் சேர்ந்தால் கலைக்கும் அதிகாரம் போலீசின் கையில்.

2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 18ஆம் தேதி இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலுவின் பட்டத்தைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. 19ஆம் தேதி விடியலில் அவரைப் பிடித்தார்கள். அன்று காலையே நகரம் முழுக்க நான்கு நாள் கூட்டத் தடை, நகரின் மையச் சதுக்கமான தக்சிமில் மெட்ரோ மூடல். பெயாசித்தில் மாணவர்கள் பல்கலைக்கழக வாசலில் இருந்த போலீஸ் தடுப்பைத் தள்ளிக்கொண்டு மாநகராட்சிக் கட்டடம் இருக்கும் சராச்ஹானே நோக்கி நடந்தார்கள். அந்தத் தடுப்பு விழுந்தது அதற்கடுத்த ஒரு வாரத்தின் போக்கையே மாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன். அதுவரை கட்சிக் கூட்டமாக இருந்திருக்கக்கூடியது அதன்பிறகு மாணவர் போராட்டமாகிவிட்டது.

சராச்ஹானேயின் அமைப்பு தெரிந்தால் மீதி தானாகப் புரியும். மாநகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் அதாதுர்க் சாலை. அதற்கு வடக்கே, சாலைக்குக் குறுக்கே 4ஆம் நூற்றாண்டு ரோமானிய நீர்ப்பாலம், பொஸ்தோவான் கெமெரி. சாலை அதன் வளைவுகளுக்குள் நுழைந்துதான் போகிறது. தக்சிமுக்குப் போக வேண்டுமானால் அந்த வளைவுகளைத் தாண்டி, உன்கபானி இறக்கத்தில் இறங்கி, அதாதுர்க் பாலம் ஏறி, ஷிஷ்ஹானே வழியாகப் போகவேண்டும். போலீசுக்கு இதைவிட வசதியான வாசல் கிடைக்காது. வளைவுகளுக்கு முன்னால் இரும்புத் தடுப்பு, அதற்குப் பின்னால் கேடயத்தோடு செவிக் குவ்வெத் எனும் கலகத் தடுப்புப் படை, அதற்கும் பின்னால் டோமா, அதாவது தண்ணீர் பீய்ச்சும் கவச வண்டி.

இரவுதோறும் வரிசை ஏறக்குறைய ஒன்றே. குடியரசு மக்கள் கட்சித் தலைவர் ஓஸ்குர் ஓசெல் பேருந்தின் மேல் நின்று பேசுவார். பேச்சு முடிந்ததும் குடும்பங்களும் வயதானவர்களும் கலைவார்கள். தக்சிமுக்குப் போயே தீருவோம் என்கிற இளைஞர்கள் நீர்ப்பாலம் பக்கம் நகர்வார்கள். மிளகு ஸ்ப்ரே, பிளாஸ்டிக் குண்டு, தண்ணீர் எல்லாம் அங்கேதான் தொடங்கும். பேச்சு நடக்கும்போது சதுக்கத்தில் இருந்த ஆபத்தும், முடிந்த அரை மணி நேரம் கழித்து இருப்பதும் ஒன்றல்ல. வெளியேற தெற்கே அக்சராய், மேற்கே ஃபாத்திஹ், கிழக்கே பெயாசித். வடக்கு வழியே கிடையாது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலுதவி வேலை செய்பவர்

வழிகளைச் சரியாகச் சொன்னீர்கள் தோழர். இனி காற்றில் வருவதைப் பற்றி.

துருக்கியில் பயன்படுவது இரண்டு வகை. மிளகாயின் காரப்பொருள் கொண்ட ஸ்ப்ரே. சிஎஸ் எனப்படும் கண்ணீர்ப்புகை. சிஎஸ்ஸை வாயு என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது மிக நுண்ணிய திடத் தூள். அதனால்தான் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வருகிறது. காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில், சுரங்கப் படிக்கட்டில், மெட்ரோ வாசலில் தேங்கும். புகை வந்ததும் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளத் தோன்றும். அது தப்பு. மேட்டுப் பக்கமாக, காற்று வரும் திசை நோக்கி, நடந்து போகவேண்டும். ஓடினால் மூச்சு பெரிதாக இழுக்கும், கூட்டத்தில் மிதிபடும் ஆபத்தும் உண்டு.

கண் எரிச்சல் நல்ல காற்றில் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணியும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் சுத்தமான கையால் உடனே கழற்றித் தூக்கி எறியுங்கள். கழுவி மறுபடி போடக்கூடாது. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் ஓடும்படி சுத்தமான தண்ணீரால் அலசுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் குளிர்ந்த தண்ணீர். வெந்நீரில் நின்றால் எரிச்சல் திரும்பக் கிளம்பும். தலையைக் குனிந்து கழுவினால் தூள் உடம்பில் இறங்காது. துணியைத் தனியாகத் துவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது.

2013இல் தக்சிமின் கெசி பூங்காவைக் காக்கத் தொடங்கி நாடெங்கும் பரவிய போராட்ட நாட்களில் வந்த பழக்கம் ஒன்று: தல்ஜித் என்ற அமில முறிவு மருந்தைச் சம அளவு தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்து முகத்தில் அடிப்பது. இஸ்திக்லால் தெருவின் பக்கச் சந்துகளில் அந்த வெள்ளை முகங்கள் எல்லாப் படங்களிலும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் மிளகு எரிச்சலுக்கு அமில முறிவு மருந்தோ, பாலோ, குழந்தைகள் ஷாம்புவோ வெறும் தண்ணீரை மிஞ்சவில்லை. தோலில் போடுவதால் பெரிய கெடுதி இல்லை, ஆனால் கண்ணுக்குள் விடவேண்டாம். எலுமிச்சையும் வினிகரும் கண்ணுக்கு அருகே போகவே கூடாது, அவை தாமே புண்ணாக்கும்.

அந்த நாட்களில் டோமாவின் தண்ணீர்த் தொட்டியிலும் எரிச்சல் பொருள் கலந்தார்கள். நனைந்தவர்களின் தோல் சிவந்து வெந்தது. டோமா நனைத்தால் துணியை மாற்றுவதுதான் மருந்து. ஈரத்துணி தோலில் ஒட்டியிருக்கும்வரை எரிச்சல் தொடரும்.

எல்லாவற்றிலும் கொடியது புகையே இல்லை, புகைக்குண்டின் உலோக உறை. துப்பாக்கியை மேல்நோக்கிச் சாய்த்து வளைவாகச் சுட்டால் குண்டு வேகம் குறைந்து தரையில் விழும். நேராகக் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் அது எறிகணை. கெசியில் துருக்கி மருத்துவர் சங்கம் கணக்கிட்ட காயமடைந்தோர் 8 ஆயிரத்துக்கு மேல். 11 பேர் ஒரு கண்ணை இழந்தார்கள். இஸ்தான்புல்லின் ஓக்மெய்தானியில் 2013 ஜூன் 16 அன்று தலையில் புகைக்குண்டு பட்ட சிறுவன் பெர்கின் எல்வான் 269 நாள் நினைவின்றிக் கிடந்து, 2014 மார்ச் 11 அன்று 15 வயதில் இறந்தான். ரொட்டி வாங்கப் போனவன் என்று குடும்பம் சொன்னது. சுட்ட போலீஸ்காரருக்குத் தண்டனை வர 2021 ஆனது. இதை நினைக்கும்போது கோபம் வராமல் எழுத முடியவில்லை.

துப்பாக்கியின் வாய் கிடையாக இருக்கிறதா, வானத்தைப் பார்க்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். கிடையாக இருந்தால் சுவரின் மூலைக்குப் பின்னால் போய்விடுங்கள். விழுந்த குண்டை வெறுங்கையால் தொடாதீர்கள், அது கொதிக்கும்.

வழக்குகளைத் தொடர்பவர்

நேராகச் சுடுவது பற்றி ஒரு சட்டக் குறிப்பு, இது வழக்குகளில் பயன்படும். 2006இல் தியார்பக்கிரில் 13 வயதுச் சிறுவன் முகத்தில் புகைக்குண்டு பட்ட வழக்கு, அப்துல்லா யாஷா எதிர் துருக்கி. கெசி இன்னும் அடங்காத 2013 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குண்டை நேர்க்கோட்டில் சுடுவது கடும் காயமோ மரணமோ ஏற்படுத்தக்கூடியது, அது ஏற்கத்தக்க போலீஸ் நடவடிக்கை ஆகாது. காயம்பட்டவருக்காக வழக்குப் போடும்போது வீடியோவில் துப்பாக்கியின் கோணம் தெரிகிறதா என்பதுதான் முதலில் தேடும் சான்று.

கலைந்து போகும்படி ஒலிபெருக்கியில் எச்சரித்த பிறகே பலத்தைப் பயன்படுத்தலாம் என்பது 2911இன் விதி. கலையாமல் நின்றதே குற்றமாக வருகிற வழக்குகள் ஏராளம். அந்த அறிவிப்பு கூட்டத்தின் பின்பகுதிக்குக் கேட்டதா, கலைந்து போக வழி விட்டார்களா, இரண்டும் பதிவாகியிருந்தால் வழக்கின் கதி மாறும்.

புகைக்காக முகத்தைத் துணியால் மூடிக்கொள்வதில் முதலுதவி நண்பர் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. முகத்தை மறைத்துப் பங்கெடுப்பதையும் இந்தச் சட்டம் குற்றமாக்குகிறது. 2015இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கடுமையாக்கியது. கவண், இரும்புக் குண்டு ஆகியவற்றையும் ஆயுதப் பட்டியலில் சேர்த்தது. நுரையீரலைக் காக்கிற அதே துணி, குற்றப்பத்திரிகையில் ‘அடையாளத்தை மறைத்தார்’ என்று எழுதப்படலாம்.

அங்காராவிலிருந்து

இஸ்தான்புல் பற்றியே பேசுகிறோம். அங்காராவில் கிசிலாய்தான் மையம். அமைச்சகங்கள் நடந்து போகும் தூரம். அதனால் அங்கே கூட்டம் பெருகும் முன்பே கலைப்பார்கள். 2013 ஜூன் 1 அன்று எத்தெம் சாரிசுலுக் கிசிலாயில் போலீஸ் துப்பாக்கியால் தலையில் சுடப்பட்டு ஜூன் 14 அன்று இறந்தார். 2025இல் மத்திய கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் வளாகத்திலிருந்து வெளியே வரவிடாமல் தண்ணீராலும் மிளகுக் குண்டுகளாலும் தடுக்கப்பட்டார்கள்.

இஸ்மிரில் குந்தோடு சதுக்கம் கடலோரம், திறந்தவெளி. புகை சீக்கிரம் கலையும். ஆனால் அல்சான்ஜாக் சந்துகளுக்குள் விரட்டிவிட்டால் கதை வேறு.

எஸ்கிஷெஹிரை மறக்கக்கூடாது. அலி இஸ்மாயில் கோர்க்மாஸ், 19 வயது மாணவர், 2013 ஜூன் 2 இரவு புகையிலிருந்து தப்பிப் பக்கத் தெருவில் ஓடும்போது தடிகளோடு காத்திருந்த சாதாரண உடைக்காரர்களிடம் சிக்கினார். போலீசாரும் கடைக்காரர்களும் அதில் இருந்தார்கள் என்று வழக்கில் நிரூபணமானது. கேமரா பதிவின் ஒரு பகுதி அழிக்கப்பட்டிருந்தது. ஜூலை 10 அன்று இறந்தார். புகை வந்தால் ஆளில்லாத சந்துக்குத் தனியாக ஓடாதீர்கள். நால்வராக, வெளிச்சமான தெருவில் போங்கள்.

இஸ்தான்புல்வாசி

அங்காரா நண்பர் எழுதியதோடு இதையும் சேர்க்கிறேன், தக்சிமுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கிறார்கள். 1977 மே 1 அன்று அங்கே 34 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கங்களுக்கு அது அஞ்சலி செலுத்தும் இடம். 2010 முதல் 2012 வரை மே தினத்துக்குத் திறந்திருந்தது, 2013இல் மூடியது. தக்சிம் தடை உரிமை மீறல் என்று அரசியலமைப்பு நீதிமன்றமே 2023இல் சொன்னது. அடுத்த மே தினத்தில் 42 ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீசை நிறுத்தி மறுபடி மூடினார்கள். அன்றும் மோதல் அதே நீர்ப்பாலத்தின் கீழேதான்.

போன் பற்றி. 2013இல் தெருவில் வாயுக்குண்டு வெடிக்கும்போது ஒரு செய்தித் தொலைக்காட்சி பென்குவின் ஆவணப்படம் ஓட்டிக்கொண்டிருந்தது. மக்கள் சமூக வலைத்தளத்துக்குப் போனார்கள். 2025இல் அந்த வலைத்தளங்களையே நெரித்தார்கள். இஸ்தான்புல்லில் எக்ஸ், யூடியூப், இன்ஸ்டாகிராம், டிக்டாக் ஏறக்குறைய 42 மணி நேரம் ஊர்ந்தன. இணையம் அற்றுப்போவதில்லை, வேகம் மட்டும் விழுகிறது. படமும் வீடியோவும் ஏறாது, சிறு எழுத்துச் செய்தி சில சமயம் போகும். ஆகவே விபிஎன்னை முன்கூட்டியே நிறுவுங்கள், வரைபடத்தை இறக்கி வையுங்கள், சந்திக்கும் இடத்தை வாய்ச்சொல்லாகவே முடிவு செய்யுங்கள். முகத்தால் பூட்டுத் திறப்பதை நிறுத்திவிட்டு எண் பூட்டுக்கு மாறுங்கள். நேரலை வேண்டவே வேண்டாம். பதிவேறிய முகங்களை வைத்துத்தான் மறுநாள் விடியலில் கதவைத் தட்டுகிறார்கள்.

வழக்குகளைத் தொடர்பவர்

அந்த விடியல் கைதுகள்தான் 2025இன் பெரிய பகுதி. உள்துறை அமைச்சர் சொன்ன கணக்குப்படி மார்ச் 27 வரை 1,879 பேர் பிடிபட்டார்கள், 260 பேர் விசாரணைக் காவலில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 24 விடியலில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களில் ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரரும் இருந்தார்.

காவலில் நேரக்கணக்கு இப்படி: பிடித்ததிலிருந்து 24 மணி நேரம், நீதிபதியிடம் கொண்டுபோகும் பயணத்துக்கு அதிகபட்சம் 12 மணி நேரம் தனி. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்த குற்றம் என்றால் அரசு வழக்கறிஞர் ஒவ்வொரு நாளாக நீட்டி மொத்தம் நான்கு நாள் வரை வைக்கலாம்.

வழக்கறிஞர் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளுங்கள், போனை வாங்கிக்கொள்வார்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் சங்கம் இலவசமாக ஒருவரை அனுப்ப வேண்டும், கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் வரும்வரை பெயர், முகவரி தவிர வேறெதுவும் பேசாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148வது பிரிவுப்படி, வழக்கறிஞர் இல்லாமல் போலீஸ் வாங்கிய வாக்குமூலத்தை நீங்கள் நீதிபதி முன் உறுதி செய்யாவிட்டால் தீர்ப்புக்கு அடிப்படையாக்க முடியாது. பலர் களைப்பில் ‘போய்விட்டால் போதும்’ என்று கையெழுத்துப் போட்டு, மறுநாள் நீதிபதி கேட்கும்போது ‘ஆமாம்’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். கெடுவது அங்கேதான். ஒப்பாத வரி இருந்தால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே மறுப்பை எழுதுங்கள்.

காவலுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அந்த அறையில் போலீஸ் நிற்கக்கூடாது. நின்றால் வெளியேறச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள், மறுத்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பின்கட்டாகப் போட்ட கைவிலங்குத் தழும்பு, பிளாஸ்டிக் குண்டின் வட்டக் கன்றல், எல்லாவற்றையும் இடம், அளவு, நிறத்தோடு பதியச் சொல்லுங்கள். ‘அடி காயம் இல்லை’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு வழக்கு நிற்பது கடினம்.

பிறகு இஸ்தான்புல்லில் பெரும்பாலும் சாலாயான் நீதிமன்றம். அங்கே விடுதலை, அல்லது வாராவாரம் கையெழுத்து, பயணத் தடை போன்ற நிபந்தனைகள், அல்லது சிறை.

அங்கே படிக்கும், வேலை பார்க்கும் வெளிநாட்டவர்களுக்கு: வழக்கே போடாமல் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தில் நாடு கடத்தலாம். 2025 மார்ச் 27 அன்று பிபிசி செய்தியாளரையே அப்படித்தான் அனுப்பினார்கள். ஆணை கையில் வந்தால் நிர்வாக நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 7 நாள்தான் அவகாசம். ஆணையின் நகலை வாங்காமல் எந்தத் தாளிலும் ‘தானாக நாட்டைவிட்டுப் போகிறேன்’ என்று கையெழுத்திடாதீர்கள்.