விபத்து செட்டில்மென்ட்டிலிருந்து இன்சூரன்ஸுக்குத் திருப்பிக் கொடுத்த 14,000 டாலர்: வரியில் எப்படிக் காட்டுவது?

டாலஸ்வாசி:
2023 பிப்ரவரியில் சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்தார்கள். இன்னும் தோசைக்கல்லை அந்தக் கையால் தூக்க முடியவில்லை. 2024-இல் 60,000 டாலருக்கு செட்டில் ஆனது. வக்கீலுக்கு 20,000. ஆபரேஷன் செலவைக் கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ், 'நாங்கள் கொடுத்ததை நஷ்டஈட்டிலிருந்து திருப்பித் தாருங்கள்' என்று லீன் கடிதம் அனுப்பி 14,000 வாங்கிக்கொண்டது. கைக்கு வந்தது 26,000. முழுத் தொகைக்கும் வரி உண்டா? அந்த 14,000-ஐ ஷெட்யூல் ஏ-யில் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிக்கும் படிவம்) மருத்துவச் செலவாகக் கழிக்கலாமா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
முதலில் நிம்மதியாக இருங்கள். உடல் காயத்துக்கு வந்த நஷ்டஈடு வருமானமே இல்லை. அமெரிக்க வருமான வரிச் சட்டம் 104(ஏ)(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. வக்கீல் பங்கு, இன்சூரன்ஸ் பங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். செட்டில்மென்ட்டில் வட்டி, தண்டனைத் தொகை என்று தனியாக ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் வரி உண்டு.

ஆனால் 14,000-ஐக் கழிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தது இன்சூரன்ஸ். இன்சூரன்ஸுக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது வரியில்லாத செட்டில்மென்ட் பணம். உங்கள் சொந்தக் காசு அதில் போகவில்லையே.

நியூஜெர்சி அக்கா:
ஒன்று கேட்கிறேன் தம்பி. 2023-இல் கைக்காசு போட்ட மருத்துவச் செலவை அந்த வருட ரிட்டர்னில் கழித்தீர்களா?

டாலஸ்வாசி:
ஆமாம் அக்கா. பிசியோதெரபி, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுப்பதற்கு முன் நாமே கட்டும் பங்கு) எல்லாம் சேர்த்து 12,000. எங்கள் ஏஜிஐ (சில கழிவுகள் போக வரும் மொத்த வருமானம்) 1,20,000.

நியூஜெர்சி அக்கா:
அங்கேதான் கவனம் வேண்டும். ஏஜிஐ-யில் 7.5 சதவீதம் 9,000. அதற்கு மேல் உள்ள 3,000 மட்டும்தான் உங்களுக்குக் கழிவாகக் கிடைத்திருக்கும். இப்போது அதே செலவுக்கும் சேர்த்து செட்டில்மென்ட் வந்திருப்பதால், அந்தக் கழிவால் எவ்வளவு பலன் கிடைத்ததோ அவ்வளவை 2024 வருமானத்தில் காட்ட வேண்டும். அப்புறம், ஷெட்யூல் ஏ மொத்தம் எவ்வளவு போட்டீர்கள்?

டாலஸ்வாசி:
வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரியோடு 29,200. கணவன் மனைவி சேர்ந்து போட்ட ஜாயின்ட் ரிட்டர்ன்.

நியூஜெர்சி அக்கா:
2023-இல் ஜாயின்ட்டுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், அதாவது செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் கழிவு, 27,700. அதைவிட உங்களுக்கு 1,500 தான் கூடுதல். அதனால் 3,000 வேண்டாம், 1,500 மட்டும் ஷெட்யூல் 1 படிவத்தில் 'பிற வருமானம்' என்று போடுங்கள். வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வெளியீடு 4345-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள், இரண்டு பக்கம்தான்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்வது சரி, நான் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். செட்டில்மென்ட் ஒப்பந்தம், லீன் கடிதம், 14,000 கட்டிய ரசீது மூன்றையும் 2024 ரிட்டர்னோடு வைத்திருங்கள். ஐஆர்எஸ் கேட்டால் அதுதான் பதில்.

டாலஸ்வாசி:
மனைவியிடம் சொன்னேன், பெருமூச்சு விட்டாள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன்; வட்டி என்று எதுவும் இல்லை. நாளைக்கே 1,500-ஐச் சேர்த்துத் தாக்கல் செய்கிறேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.