"ஞானஸ்நானம் எடுத்தாச்சா?": இரட்சிப்புக்கு அது கட்டாயமா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நெல்லைக்காரர்:

தங்கச்சி மகளுக்குப் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு அந்தச் சபை பாஸ்டர், பெண் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணத்தை நடத்துவேன் என்றுவிட்டார். நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பிள்ளை கைக்குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்த பின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் எடுத்து, பாடகர் குழுவில் பாடுகிறவள். "அது தெளிப்புதானே, கணக்கில் சேராது" என்றார் சம்பந்தி.

பேச்சுக்கு எங்கள் ஐயரும் (சபைப் போதகர்) வந்தார். சம்பந்தி மாற்கு 16:16-ஐ மனப்பாடமாகச் சொன்னார்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்." ஐயர், "மீதியையும் சொல்லுங்க" என்றார். மீதியில் ஆக்கினை, அதாவது தண்டனை, "விசுவாசியாதவனுக்கு" மட்டும்தான். ஞானஸ்நானம் பெறாதவனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சம்பந்தி உடனே, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்ற அப்போஸ்தலர் 2:38-ஐ எடுத்தார். ஐயர் அதே புத்தகத்தில் வரும் ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவை எடுத்தார்: அந்த வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியது முதலில், தண்ணீர் பிறகுதான். இரண்டு பேருமே வேதத்தில் கெட்டி. பெண்ணிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் ஐயர் கிளாரிந்தாவை இழுத்தார். பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும், பாப்பாத்தியம்மாள் கோயில் கட்டியவர். தஞ்சாவூர் மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டார். ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகுதான் 1778-ல் கொடுத்தார். "இடையில் அந்த அம்மாள் செத்திருந்தா நரகமா?" என்று ஐயர் கேட்க, சம்பந்தி, "அது ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றார். அதே தாராளத்தை எங்கள் பிள்ளைக்கும் காட்டலாமே என்பது என் கட்சி.

கல்யாணம் எங்கள் கோயிலிலேயே நடந்தது. மறு வருஷம் அவளாகவே தாமிரபரணியில் இறங்கி முழுக்கெடுத்தாள். ஏன்மா என்றேன். "இரட்சிப்புக்கு இல்ல மாமா. அவங்க சபையில அத்தை பக்கத்துல உக்காந்து ராப்போஜனம், அந்த அப்பமும் ரசமும், எடுக்கணும்ல."

திருச்சி செவிலியர்:

நான் கத்தோலிக்கை. பச்சிளங்குழந்தை வார்டில் ரொம்ப வருஷம் இருந்தேன். பிழைக்காது என்று தெரிந்தால், பெற்றோர் கேட்டுக்கொண்டால், சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவசரத்தில் யாரும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கலாம். கொடுப்பவர் திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை என்ன எண்ணத்தோடு செய்கிறதோ அதே எண்ணம் இருந்தால் போதும். ஒரு ராத்திரி நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கையை எடுக்க முடியாது. கூட இருந்த இந்து சிஸ்டர்தான் நான் சொல்லச் சொல்ல, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்.

வெளியே குழந்தையின் பாட்டி, முழுக்குச் சபைக்கு மாறியவர், "பாவமே தெரியாத பிள்ளைக்கு என்ன மனந்திரும்புதல்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திருமுழுக்கு இல்லாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என வத்திக்கானின் இறையியல் குழுவே 2007-ல் எழுதியது. அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் பேசுவது? பெயர் வைக்காமல் அனுப்பக் கூடாது என்று தாய் அழுதுகொண்டிருந்தாள்.

சிவகாசி மகள்:

அம்மா ஞானஸ்நானம் எடுக்காத விசுவாசி. பொட்டு உண்டு, அப்பாவோடு கோயில் பொங்கலும் உண்டு. வீடு தூங்கின பிறகு முழங்காலில் நிற்பார். எங்கள் பக்கம் இப்படிப் பெண்கள் நிறைய, ஆய்வாளர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். ஊழியக்காரர் ஒருவர் வந்து மத்தேயு 10:33-ஐக் காட்டி, மனுஷர் முன்பாக மறுதலித்தால் பிதாவின் முன்பாக அவரும் மறுதலிப்பார் என்று பயமுறுத்தினார். அம்மா, "நான் எங்க மறுதலிச்சேன்? எங்க வீட்டுக்காரர் கேட்டா சொல்லுவேன். அவர் கேக்கல" என்றார். பிறகு, "முழுக்கெடுத்துட்டு வெளிய வந்தா சோறு நீங்க போடுவீங்களா?" ஊழியக்காரர் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விழுப்புரத்திலிருந்து:

எங்களுக்கு அந்தத் தண்ணீரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன புதுச்சேரி வழக்கில், சான்றிதழ் கேட்ட பெண் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கும் அவருக்கு எதிராகத்தான் நின்றது. "எடுக்காதவன் பயந்தவன்" என்று பிரசங்கிக்கும் முன் பாஸ்டர்மார் இதையும் யோசிக்கட்டும்.

அம்பத்தூர் தொழிலாளி:

எல்லாரும், ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசுக்குப் போனவன் என்று, சிலுவையில் தொங்கிய கள்ளனையே காட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் முந்திக்கொள்கிறேன். கள்ளன் செத்த பிறகுதான் ஞானஸ்நானம் கொடுங்கள் என்ற மத்தேயு 28:19 கட்டளை வந்தது. பவுலைக் காவல் காத்த பிலிப்பி சிறைக்காரனைப் பாருங்கள்: இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று நடுராத்திரியில் கேட்டான், அந்த ராத்திரியே குடும்பத்தோடு பெற்றான். நானும் அப்படித்தான். இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து, பாஸ்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில், நண்பர்கள் டார்ச் அடிக்க முங்கினேன். முழுக்குக்காரன் பிடிவாதக்காரன் என்பவர்களுக்கு ஒன்று: பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்று நின்ற ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-ல் சூரிச்சில் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தம் பேசிய ஊர்தான்.

கோவையிலிருந்து:

தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். மனந்திரும்புதலை யாரும் தொடவில்லை.

எங்கள் தெருவில் சீட்டு நடத்தி ஊர்ப் பணத்தைச் சுருட்டியவர் ஒருவர் இருந்தார். திடீரென்று முழுக்கெடுத்தார். சபையில் சாட்சி, கைதட்டல். பழையவைகள் ஒழிந்துபோயின என்று மேடையிலேயே பாஸ்டர் சொன்னார். எனக்குப் பின் வரிசையில் பூக்கட்டும் அக்கா ஒருவர், கிறிஸ்தவர்கூட இல்லை, பார்க்கத்தான் வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் நேரே பாஸ்டரிடம் போனார். "சாமி அவரை மன்னிச்சிருச்சு, சரி. என் சீட்டுப் பணத்தை யாரு தர்றது?"

பாஸ்டர், இரட்சிப்பு கிருபையினால், கிரியையினால், அதாவது நம் செயலால், அல்ல என்று எபேசியர் 2-ஐ ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வரி வசூலித்த சகேயுவை நினைவுபடுத்தினேன். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று நான் சொல்லவில்லை. அவன் வீட்டுக்கு வந்த இரட்சிப்பு முதலில் பணப்பெட்டியைத் திறந்தது, அவ்வளவுதான். அம்பத்தூர் தம்பி, இதுவும் கட்டளைக்கு முந்தியதுதான், தெரியும். ஆனால் கட்டளை வந்ததால் கடன் ரத்தாகிவிடுமா?

பாஸ்டர் என்னோடு பல மாதம் பேசவில்லை. சீட்டுக்காரரோ அன்று ராத்திரியே அக்கா வீட்டுக்குப் போனாராம். ஒரு மனையை விற்றுப் பாதிப் பேருக்குக் கொடுத்தார். மீதிப் பேருக்கு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார், அதிலும் இரண்டு மாதம் பாக்கி என்று அக்கா போன வாரம் திட்டிக்கொண்டிருந்தார்.