நாய்க்குட்டி புழு வாந்தி எடுக்கிறது, பூனைக்கும் ஏதோ இருக்கிறது

கேள்வி (ஒட்டுசுட்டான்):
வளவுக்குள் வந்து சேர்ந்த நாய் நான்கு குட்டி போட்டது, இப்போது ஐந்து கிழமை. நேற்று ஒன்று நூடில்ஸ் போல நீளமாக இரண்டு வெள்ளைப் புழு வாந்தி எடுத்தது, நான்குக்கும் வயிறு ஊதிக் கிடக்கிறது. வீட்டுப் பூனையின் வாலடியில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. மகளுக்கு இரண்டரை வயது, நாள் முழுக்க மண்ணில்தான் விளையாடுகிறாள், அதுதான் பயமாக இருக்கிறது. வேப்பிலைச் சாறு போதுமா?

பதில் 1:
வேப்பிலையை நம்ப வேண்டாம் தங்கச்சி. அது வட்டப்புழு. தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், பாலிலும் வரும், நீங்கள் கொடுத்த சாப்பாட்டால் வந்ததில்லை. இரண்டு கிழமையில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், பரவாயில்லை, இப்போதே தொடங்குங்கள். ஒவ்வொரு குட்டியையும் பையில் போட்டுத் தராசில் நிறுத்து, அந்த நிறையை மிருக வைத்தியரிடம் சொல்லி மருந்து எடுங்கள். தாய்க்கும் சேர்த்து! பெரும்பாலும் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பதில் 2 (விசுவமடு):
குட்டியின் உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) பாருங்கள் அக்கா. வெளிறிப்போய், மலமும் தார் போலக் கறுப்பாக இருந்தால் அது கொழுக்கிப்புழுவாக இருக்கலாம், இரத்தம் குடிக்கும், குட்டி சட்டென்று செத்துப்போகலாம். நான் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டு ஒன்றை இழந்தேன், இன்னும் மனம் ஆறவில்லை. அதன் ஒரு வகைக்கு நம் நாட்டின் பழைய பெயர்தான் (சிலோன்), அன்சிலோஸ்டோமா செய்லானிக்கம். நாய், பூனை, மனிதர் எல்லோருக்கும் வரும், வெறுங்காலில் மண்ணை மிதித்தாலே தோலுக்குள்ளால் ஏறும். பிள்ளைக்குச் செருப்புப் போடுங்கள்.

பதில் 3:
பூனைக்கு இருப்பது நாடாப்புழுவின் துண்டுகள். குட்டிகளுக்குக் கொடுக்கும் பைரன்டெல் அதற்குக் கேட்காது, பிராசிகுவான்டெல் வேண்டும். ஆனால் அதைக் காவுவது தெள்ளு, பூனை நக்கும்போது தெள்ளை விழுங்கித்தான் வருகிறது, அதனால் தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசிவிடாதீர்கள், பெர்மெத்ரின் இருந்தால் பூனை செத்துவிடும்.

பதில் 1 மீண்டும்:
மகளைப் பற்றி: வட்டப்புழு முட்டை மலத்தோடு விழுந்தவுடன் தொற்றாது, மண்ணில் கிடந்து முற்ற ஒன்று முதல் நான்கு கிழமை ஆகும். அதனால் தினமும் மலத்தை அள்ளி ஆழமாகப் புதைத்தால் ஆபத்து நிறையக் குறையும். பழைய மண்ணில் ஏற்கெனவே முட்டை இருக்கும், அந்த மூலையில் விளையாட விடாதீர்கள், சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேட்டவர்:
முரசு பார்த்தேன், மூன்று சிவப்பு, சின்னது மட்டும் வெளிறல். இவர் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார், இப்போதே கொண்டுபோகிறோம்.