உச்சியில் நிற்கும் பந்தும் முடுக்கமும்: கற்பித்தல் அனுபவங்கள்

இயற்பியலை முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களுக்கு இயக்கவியல் நடத்துகிறேன். முடுக்கம் என்றால் என்ன என்று கேட்டால், திசைவேகம் மாறும் வீதம் என்று தடங்கலின்றிச் சொல்லிவிடுவார்கள். நேராக மேலே எறிந்த பந்து உச்சியை எட்டும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், பெரும்பாலும் 'சுழி' என்ற விடைதான் வரும். இது கவனக்குறைவால் வரும் விடை அன்று. திசைவேகம் சுழியாக இருப்பதும் திசைவேகத்தின் மாற்றம் சுழியாக இருப்பதும் ஒன்றே என்று மனம் எடுத்துக்கொள்வதால் வருவது. ஆகவே சரியான விடையைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் அது அகல்வதில்லை.

ஒரு மாணவி இதில் விடாப்பிடியாக நின்றார். "பந்து அந்தக் கணத்தில் நிற்கிறதே சார், நிற்கிற பொருளுக்கு முடுக்கம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பந்தை 19.6 மீ/வி வேகத்தில் எறிந்ததாகவும், காற்றுத் தடையை விட்டுவிடலாம் என்றும் சொல்லி, ஒவ்வொரு வினாடியிலும் அதன் திசைவேகத்தை எழுதச் சொன்னேன். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டு 19.6, 9.8, 0, −9.8, −19.6 என்று எழுதி, திசைவேக-நேர வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்து, அளவுகோலை வைத்து இணைத்தார். ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. பிறகு நேர அச்சின் மீது ஒரு தாள் துண்டை வைத்து மறைத்து, எண்களையும் மூடிவிட்டு, பந்து உச்சியில் இருக்கும் இடத்தைக் கோட்டைப் பார்த்தே காட்டச் சொன்னேன். அவர் விரல் கோட்டின் மீது மேலும் கீழுமாக நகர்ந்தது; எங்கும் நிற்க முடியவில்லை. கோடு அங்கே வளையவும் இல்லை, முறியவும் இல்லை. அதன் சாய்வு தொடக்கம் முதல் இறுதி வரை −9.8 மீ/வி² ஆகவே இருந்தது. உச்சியில் முடுக்கமும் சுழியானால், திசைவேகம் இல்லாத பந்துக்குத் திசைவேகத்தைத் தருவதற்கு ஒன்றுமே இராது, அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்பதை அவரே சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல வாதம் அது.

அதே கோடு இன்னொரு தவறான எண்ணத்தையும் தீர்த்துவைத்தது. முடுக்கம் எதிர்க்குறியில் இருந்தால் பொருள் வேகம் குறைகிறது என்று பலர் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இந்தப் பந்தின் முடுக்கம் நான்கு வினாடிகளும் எதிர்க்குறியில்தான் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு வினாடிகளில் வேகம் குறைகிறது, அடுத்த இரண்டில் கூடுகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், மாறுபட்ட குறியில் இருந்தால் குறையும் என்பதை இந்தப் படத்தைப் பார்த்த பிறகு சொல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முன்கூட்டிச் சொன்னால் அதுவும் இன்னொரு மனப்பாட வரியாகிவிடும்.

*

மேலே எழுதியவர் தாளில் செய்ததை நாங்கள் ஆய்வகத்தில் இயக்க உணரியைக் கொண்டு செய்கிறோம். உணரி மீயொலித் துடிப்புகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்திலிருந்து, எதிரே நடப்பவரின் தொலைவைக் கணக்கிட்டுத் திரையில் உடனுக்குடன் வரைந்துகாட்டும். ஒரு வரைபடத்தை முன்கூட்டியே கொடுத்து, "இதே கோடு வரும்படி நடந்துகாட்டுங்கள்" என்பதுதான் பயிற்சி.

தொலைவு-நேர வரைபடம் என்றால் சற்றுத் தடுமாறினாலும் நடந்துவிடுவார்கள். திசைவேக-நேர வரைபடத்தில் அச்சுக்கு மேலே ஒரு கிடைக்கோட்டைக் கொடுத்தால்தான் சிக்கல் தொடங்கும்: கோடு கிடையாக இருப்பதைக் கண்டதும் பலர் அசையாமல் நின்றுவிடுவார்கள். திரையில் கோடு சுழியில் படுத்துக்கிடப்பதைப் பார்த்த பிறகே, உணரியை விட்டுச் சீராக விலகி நடந்தாக வேண்டும் என்பது பிடிபடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம், கோடு அச்சை வெட்டிக் கீழே இறங்கும் இடம். அங்கே வந்ததும் நடப்பவர் உடலைத் திருப்பி உணரியை நோக்கி முகம் காட்டுவார். திரும்பும் அந்தச் சிறு பொழுதில் கோடு சுழியில் சற்றே தங்கிவிடும். கொடுத்த படத்திலோ அப்படித் தங்கல் எதுவும் இல்லை. முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் உணரிக்கு ஒன்றுதான், அதற்குத் தெரிவது தொலைவு மட்டுமே என்று யாராவது கண்டுபிடித்ததும், முகத்தைத் திருப்பாமலே வேகத்தைக் குறைத்து, இடைவெளியில்லாமல் பின்னோக்கி அடிவைக்கத் தொடங்குவார்கள். கோடு தங்காமல் அச்சைக் கடந்து செல்லும். உச்சியில் பந்துக்கு நிகழ்வதைக் கால்கள் செய்துபார்க்கின்றன. நின்றேன் என்று சொல்லக்கூடிய கணம் ஒன்று இருக்கிறது, நின்ற நேரம் என்று எதுவும் இல்லை.

கைப்பேசியின் முடுக்கமானியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறவர்களுக்கு ஒரு சொல். மேசையில் அசையாமல் கிடக்கும் கைப்பேசி ஏறத்தாழ 9.8 மீ/வி² என்று காட்டும். மெத்தையின் மீது விழவிட்டால், விழும்போது சுழியை ஒட்டிக் காட்டும். அந்தக் கருவி தாங்குவிசையின் விளைவையே உணர்கிறது என்பதை விளக்கும் நிலைக்கு மாணவர்கள் வரும்வரை அதைத் தள்ளிவைப்பது நல்லது.

*

உணரிகள் வருவதற்கு முன் படித்தவன் நான். எங்கள் ஆய்வகத்தில் நாடா நேரங்குறிப்பான் இருந்தது. வண்டியின் பின்னால் ஒட்டிய காகித நாடாவில், அது வினாடிக்கு 50 புள்ளிகளைக் குத்தும். சாய்தளத்தில் வண்டியை விட்டதும் புள்ளிகள் முதலில் நெருக்கமாகவும் போகப்போக விலகியும் விழுந்தன. ஐந்து இடைவெளிகளுக்கு ஒரு துண்டாக நாடாவை வெட்டினோம். அப்படி வெட்டினால் துண்டு ஒவ்வொன்றும் 0.1 வினாடியில் வண்டி கடந்த தொலைவு. துண்டுகளை வெட்டிய வரிசையிலேயே ஒரு தாளில் பக்கம்பக்கமாக நிறுத்தி ஒட்டச் சொன்னார் ஆசிரியர்.

ஒட்டி முடித்தபோது துண்டுகளின் மேல்முனைகள் ஒரே சரிவில் ஏறின. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட ஏறக்குறைய 1 செ.மீ. கூடுதல். அப்படியானால் 0.1 வினாடிக்கு ஒருமுறை வேகம் 10 செ.மீ/வி கூடுகிறது, முடுக்கம் 100 செ.மீ/வி², அதாவது 1 மீ/வி². சூத்திரம் எதையும் போடாமல் துண்டுகளின் உயர வேறுபாட்டை அளந்தே இதைப் பெற்றோம். கலிலியோ சாய்தளத்தில் உருட்டிய குண்டு, அடுத்தடுத்த சம கால இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தொலைவைக் கடந்தது என்று பாடத்தில் படித்ததும் இதே ஏறுவரிசைதான்.

வரைபடத்தின் கீழுள்ள பரப்பு ஏன் இடப்பெயர்ச்சியைத் தருகிறது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், அந்தத் தாளைத்தான் விவரிக்கிறேன். துண்டுகளின் உயரம் வேகம், அகலம் நேரம். அவை நிரப்பிய இடமோ வண்டி இழுத்துச் சென்ற நாடாவேதான். ஒட்டியவற்றை உரித்து மீண்டும் நீளவாக்கில் இணைத்தால், வண்டி கடந்த தொலைவு முழுவதும் கையில் இருக்கும்.